வலப்பக்கத்து இருக்கை

விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகுதான், என் சொந்தக்காரரில் இத்தனை பேருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது. பழகிக்கொண்டிருந்த காலத்தில் எல்லாரும் வீரர்கள். முதல் ஆளாகத் தன்னைத்தான் ஏற்றவேண்டும் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து தம்பி தொலைபேசியில் சண்டை பிடித்தான். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி, விமானத்தில் ஏற எந்தச் சீலை வசதி என்று விசாரித்தார். அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டிய கிழமையே தம்பிக்குக் காதுவலி வந்துவிட்டது. அன்ரியை உயரமான இடங்களுக்குப் போகவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அன்ரி குடியிருந்தது நாலாம் மாடியில்.

உண்மையைச் சொன்னால், இவர்கள் வராததில் எனக்குப் பெரிய மனவருத்தம் இல்லை. நான் ஓட்டிய சின்ன விமானத்தில் இரண்டே இருக்கைதான். இடப்பக்கம் எனக்கு. வலப்பக்கத்தில் ஒரே ஒருவர் வந்து இருக்கவேண்டும் என்றுதான் முதல் நாளிலிருந்து ஆசைப்பட்டேன். அவர் என் கணவர். அவருக்கோ விமானச் சத்தம் கேட்டாலே முகத்தில் இரத்தம் இருக்காது.

சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த, ஆனால் வீதிச் சாவடிகளின் மணல்மூட்டையை யாரும் முழுதாக அகற்றாத வருடங்கள் அவை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. வெள்ளவத்தைக் கடைகளில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்து குவிந்தது. நான் வேலை பார்த்த கப்பல் முகவர் கொம்பனியை மூடியபோது கையில் கொஞ்சம் காசு தந்து அனுப்பினார்கள். நகை எடு என்றார்கள், காணி வாங்கு என்றார்கள், கனடாவுக்குப் போ என்றார்கள். நான் சின்ன விமான நிலையம் இருக்கும் இரத்மலானைக்குப் பஸ் எடுத்தேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். சின்ன வயதில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போவார். எல்லாப் பிள்ளைகளும் யானை ஆடுவதைப் பார்க்க, நான் அண்ணாந்துகொண்டு நிற்பேன். இரத்மலானைக்கு இறங்கும் விமானங்கள் அந்த மரங்களுக்கு மேலாகத்தான் போகும். "காசு கட்டி உள்ளே கூட்டிவந்தது வானத்தைப் பார்க்கவா" என்று அப்பா என் தலையைப் பிடித்து யானைப் பக்கம் திருப்பிவிடுவார். விமானம் எனக்கு வேடிக்கைப் பொருளாகவே பழகிப்போனது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வளர்ந்த வீட்டில் தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பதுங்குகுழி இருந்தது. அவருக்குக் குண்டு போடும் பொம்மர் தெரியும், கெலி என்ற ஹெலிகொப்டர் தெரியும். சகடை என்று சனம் பேர் வைத்த, மெதுவாக வந்து பீப்பாய்க்குண்டு தள்ளிவிட்டுப் போகும் விமானமும் தெரியும். எது எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய காது அது. கொழும்புக்கு வந்து, ரியூசன் மாஸ்டராகி, என்னைக் கலியாணம் முடித்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் அந்தக் காது மாறவில்லை. வீட்டுக்கு மேலாக விமானம் போனால் முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு றேடியோவை நிறுத்துவார். சத்தம் போகும் திசை பிடிபடும்வரை அசையாமல் நிற்பார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இரண்டையும் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதைப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், விமானம் ஓட்டப் பழகப்போகிறேன் என்று சொன்னவள் நான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உமக்கு விருப்பமோ?"

"ஓம்."

"அப்ப பழகும்."

அவ்வளவுதான். எந்தப் புருஷன் இப்படிச் சொல்லுவான் என்று இன்றைக்கும் நினைத்து நினைத்து நன்றி சொல்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். எந்த நாள், எத்தனை மணிக்குப் பறப்பேன் என்று முதலே சொல்லிவிட்டுப் போகவேண்டும். பயிற்சியின்போது தெஹிவளைப் பக்கமாகச் சுற்றி வருவோம், சத்தம் வீட்டுக்குக் கேட்கும். மேலே போவது நான்தான் என்று தெரிந்தால் விசிறியை நிறுத்தத் தேவையில்லை என்றார். தெரிந்தும் நிறுத்தினார் என்று அன்ரி பிறகு சொன்னார்.

பழக அனுமதி எடுப்பதே ஒரு பெரிய கதை. தமிழ்ப் பொம்பிளை, வெள்ளவத்தை விலாசம், விமானம் ஓட்ட ஆசை. மூன்றையும் ஒரே தாளில் வாசித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "ஏன்?" என்று கேட்டார். "விருப்பம்" என்றேன். அவருடைய வாழ்க்கையில் யாரும் அந்தப் பதிலைத் தந்திருக்கமாட்டார்கள் போல. மாதக்கணக்கில் அலையவைத்தார்கள். எனக்கு வாய்த்த கோபத்துக்கு எங்காவது மேசையில் அடித்திருப்பேன். நல்லவேளை, என் சிங்களம் கோபத்தில்தான் தடக்கும், பணிவில் நன்றாக ஓடும். கடைசியில் தந்தார்கள்.

சொல்லித்தந்தவர் என்னைவிட வயதில் குறைந்த சிங்களவர். முன்பு விமானப்படையில் இருந்தவர். அங்கே எதை ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னை "அக்கே" என்று கூப்பிட்டு, நான் தரையில் தடால் தடாலென்று இறக்கிய ஒவ்வொரு தடவையும் தன் முதுகைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லை அக்கே, விமானம் இன்னும் ஒரு துண்டாகத்தான் இருக்கு" என்பார். அவருக்கு நான் கடமைப்பட்டவள். கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியும் மனதில் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது.

எனக்குக் கணக்குத்தான் உதைத்தது. பக்கக் காற்று இவ்வளவு அடித்தால், மூக்கை எவ்வளவு திருப்பிப் பிடித்தால் நேரே போகலாம் என்று தாளில் முக்கோணம் கீறிக் கண்டுபிடிக்கவேண்டும். அதைச் சொல்லித்தந்தது என் கணவர். வீட்டில் நடக்கும் வகுப்பு முடிந்து பெடியள் போன பிறகு, அதே கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். விமானத்துக்குக் கிட்டப் போகாத மனிதருக்குக் காற்றின் கணக்கு என்னைவிடச் சுத்தமாக வந்தது. கொஞ்ச நாளில் அவருடைய உயர்தர வகுப்புக் கேள்வித்தாளில் ஒரு விமானம் பறக்கத் தொடங்கியது. "இரத்மலானையிலிருந்து புறப்படும் ஒரு பெண்மணி" என்று கேள்வி தொடங்கும். பெடியள் என்னைப் படிக்கட்டில் கண்டால் சிரிப்பார்கள்.

முதன்முதலில் தனியாக மேலே போன நாளைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை போவதற்குள் பஸ்ஸை மறித்து இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பை திறந்து பார்த்து ஏற்றிவிடுவார்கள். மேலே ஏறினேன். அதே காலி வீதி கீழே கிடந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பொல்கொட வாவி, கரையோரமாக றெயில் பாதை. யாரும் கையைக் காட்டி மறிக்கவில்லை. வாய்விட்டு அழுதேன். கட்டுப்பாட்டு ரவரில் இருந்தவர் என்னமோ கேட்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பதில் சொன்னேன். "தடிமனா மிஸ்?" என்று கேட்டார் நல்ல மனிதர்.

பிறகு சின்னச் சின்ன விமான நிலையங்களுக்குப் போய்வரத் தொடங்கினேன். எனக்கு அவற்றில் தனிப் பாசம். ஒரு ஓடுபாதை, காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய், ஒரு காவல் கொட்டில், தேத்தண்ணிக் கேத்தில் ஒன்று. பெரும்பாலும் மாடுகளும் இருக்கும். வெயிலில் சூடேறிய தார் மாடுகளுக்குப் பிடிக்கும், வந்து படுத்துவிடும். அதனால் இறங்குவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. மாடு நின்றால் ஓடுபாதைக்கு மேலாகத் தாழ வந்து, எஞ்சினை உறுமவிட்டு விரட்டுவது. பிறகு மேலே எழும்பி, மறுபடி சுற்றி வந்து இறங்குவது. காரின் ஹோர்னை அடிப்பதுபோல் சாதாரணமாக அதைச் செய்வோம்.

இத்தனைக்கும் வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. மேலே போகும்போதெல்லாம் அந்த வெறும் இருக்கையைத் திரும்பிப் பார்ப்பேன். பாணந்துறைப் பாலத்தை, களுத்துறை விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தை, கடலில் களு கங்கை மண்ணிறமாகப் போய்க் கலப்பதைக் காட்ட ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் கவனமாகக் கேட்பார். ஆனால் கண்ணால் காணாத ஒன்றைக் கேட்கும் முகம் அது. நான் வாழ்க்கையில் மிகச் சந்தோசமாக இருக்கும் இடத்துக்கு அவர் வரமாட்டார் என்பது எனக்குப் பெரிய துக்கமாகிவிட்டது.

ஒருமுறை இரத்மலானைவரை வந்தார். விமானத்தைத் தொட்டும் பார்த்தார். அந்த நேரம் பக்கத்தில் நின்ற வேறொரு விமானத்தின் எஞ்சினை யாரோ உயிர்ப்பித்தார்கள். அவ்வளவுதான், வெள்ளைவெளேரென்று போய்விட்டார். கன்ரீனில் போய் இருந்து, பால் இல்லாத பிளேன்ரீ குடித்தார். வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவைத்தான் இரண்டு நாள் அடித்து அடித்துச் சாத்தினேன்.

மூன்றாம் நாள் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"இஞ்சாரும், நான் ஒண்டு சொல்லவோ? நான் விமானம் வாறதைக் கண்டிருக்கிறன். போடுறதைக் கண்டிருக்கிறன். போறதைக் கண்டிருக்கிறன். வந்த விமானம் நிலத்தில இறங்கி, நிண்டு, எஞ்சினை நிப்பாட்டி, அதுக்குள்ள இருந்து ஒரு மனிசர் இறங்கி நடந்து வாறதை ஒருக்காலும் கிட்ட நிண்டு கண்டதில்லை."

"சரி?"

"அதை ஒருக்காப் பாக்கவேணும். நீர் இறங்கி வாரும், நான் பாக்கிறன். பாத்தா ஏறலாம் எண்டு நினைக்கிறன்."

அப்படித்தான் ஏற்பாடாயிற்று. களுத்துறைக்கு அங்கால், தென்னைகளுக்கு நடுவில், பழைய உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று இருக்கிறது. அவர் வெள்ளவத்தையில் றெயில் ஏறிப் போய் அங்கே நிற்பார். நான் இரத்மலானையிலிருந்து பறந்து போய் இறங்குவேன். பார்த்துவிட்டு, மனம் வந்தால் என்னோடு ஏறி இரத்மலானைக்கு வருவார். வராவிட்டால் றெயிலில் திரும்புவார், நான் குளிர்சாதனப் பெட்டியோடு சண்டை பிடிக்கக்கூடாது. அங்கே காவலில் இருந்த படையினருக்கு, பயணி ஒருவர் வருவார் என்று முதலே சொல்லி அனுமதியும் எடுத்தேன்.

அவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். எந்தப் பக்கத்தால் வருவேன், எவ்வளவு வேகம், எந்த இடத்தில் சக்கரம் முட்டும் என்று கரும்பலகையில் கீறிக் காட்டினேன். அவரும் இரண்டு கேள்வி கேட்டுத் திருத்தம் போட்டார். மாடு விரட்டுவதை மட்டும் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை, ஞாபகமே வரவில்லை. கறிக்கு உப்புப் போடுவதை யார் சொல்லிவைப்பார்கள்?

அன்றைக்கு மேகம் தாழ்ந்த, காற்று இல்லாத காலை. ஓடுபாதைக்கு மேலே வந்து சுற்றினேன். கொட்டிலுக்குப் பக்கத்தில், புல்லோரத்தில், நன்றாக அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டோடு அவர் நிற்பது தெரிந்தது. எனக்குள் அப்படி ஒரு பூரிப்பு. மாமியார் வீட்டுக்கு முதன்முதல் சமைத்துக் கொண்டுபோனபோதுகூட இவ்வளவு பதற்றமும் ஆசையும் இருக்கவில்லை. ஓடுபாதையின் நடுவில் இரண்டு மாடுகள் படுத்திருந்தன. மூக்கைக் கீழே பிடித்துத் தாழ வந்தேன். எஞ்சினை முழுதாகத் திறந்தேன். மாடுகள் வாலைக் கிளப்பிக்கொண்டு ஓடின. நான் மேலே எழும்பும்போது, எப்படிப் பார்த்தார் என்று அறியும் ஆசையில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன்.

வெள்ளைச் சேர்ட் நிலத்தில் கிடந்தது.

நெஞ்சுவலி என்றுதான் முதலில் நினைத்தேன். விழுந்துவிட்டார், நான் மேலே இருக்கிறேன். பிறகு கவனித்தேன். விழுந்த மனிதர் அப்படிக் கிடக்கமாட்டார். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிட்டார்கள் என்று ஒருநாள் வீட்டுச் சீமெந்து நிலத்தில் படுத்துக் காட்டியிருக்கிறார். பதுங்குகுழிக்கு ஓட நேரம் இல்லாவிட்டால் செய்யவேண்டியது அது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பொம்மர் தாழப் பதியும், பதிந்தால் குண்டு போடும், அதுவும் அவர் சொன்னதுதான். நான் செய்ததும் அச்சொட்டாக அதேதான். சுற்றினேன், பதிந்தேன்.

அதோடு முடியவில்லை. கொட்டிலிலிருந்து இரண்டு படையினர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். பயணி என்று சொல்லி றெயிலில் தனியாக வந்த தமிழன் ஒருவன், கையில் பை, விமானம் இறங்க வருகிற நேரம் பார்த்து ஓடுபாதை ஓரத்தில் குப்புறப் படுக்கிறான். முழங்கையை வேறு ஊன்றியிருக்கிறான். சமாதான காலமாவது ஒன்றாவது, அவர்கள் அந்த நேரமே சுட்டிருக்கலாம். சுடவில்லை. இதை எழுதும்போதும் அதற்கு நன்றி சொல்கிறேன்.

இறங்குவதென்றால் நான் முழுச் சுற்று வரவேண்டும். இறங்கும் வரைக்கும் என்னுடைய எஞ்சின்தான் அவரை நிலத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நிறுத்தவும் முடியாது. தாயே, அந்தோனியாரே, பிள்ளையாரே என்று பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டின் கடவுளையும் கூப்பிட்டேன். பழகிய கை தன் வேலையைச் செய்தது. வேகத்தைக் குறை, பார், காற்றைப் பார், மெதுவாக. என் வாழ்க்கையில் மிகவும் மெத்தென்று இறக்கிய தடவை அதுதான், ரசிக்க ஆள் இருக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, எல்லாச் சுவிட்சையும் மூடிவிட்டு, செருப்பு ஒன்று கழன்று விழ ஓடினேன்.

அவரை எழுப்பி முழங்காலில் இருத்திவைத்திருந்தார்கள். கை தலைக்கு மேலே. சேர்ட்டின் கைகளிலும் வயிற்றுப் பக்கத்திலும் முழுக்கச் சேறு. அவருக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுதான். பயத்தில் அதுவும் வரவில்லை. பையைக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். உள்ளே இருந்தது தண்ணிப் போத்தலும், எனக்கென்று கொண்டுவந்த இடியப்பப் பார்சலும்தான்.

"என் கணவர்" என்று சிங்களத்தில் கத்தினேன். "என் கணவர், என்னைப் பார்க்க வந்தவர்."

கோப்ரல் ஒருவர், முப்பது வயது இருக்கும், என்னையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதை ஓட்டிவந்தது பொம்பிளை என்பதே அவருக்குப் புதினம். "நோனா, அப்படியென்றால் இவர் ஏன் படுத்தார்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில்தான் சிக்கல். கொழும்பில் இருக்கும் தமிழர் சீருடைக்காரரிடம் யாழ்ப்பாணம் என்ற சொல்லைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். தமிழர் எடுத்துவைக்கவேண்டிய பொலிஸ் பதிவில் ஊர்ப்பெயர் இருந்தாலும் வாயால் சொல்லமாட்டார்கள். தலைசுற்று, நீரிழிவு, காலையில் சாப்பிடவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவரைப் பார்த்தேன். தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று விளங்காமல், என் காலில் செருப்பு இல்லாததைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவர் யாழ்ப்பாணம்" என்றேன். "சின்ன வயதிலிருந்து விமானம் வந்தால் படுத்துப் பழகியவர். படுக்காதவர்கள் செத்துப்போனார்கள். என்னுடைய சத்தத்தைக் கேட்டுத்தான் படுத்தார். வேறு ஒன்றும் இல்லை."

என் சிங்களம் அன்றைக்குக் கோபத்திலும் தடக்கவில்லை. மற்றப் படைவீரர் துப்பாக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோப்ரல் என் கணவரின் கையைக் கீழே இறக்கச் சொன்னார்.

"நான் யாழ்ப்பாணத்தில் பலாலி முகாமில் இருந்தேன், நோனா" என்றார். "விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் வெளியே ஓடிவருவோம். கடிதம் வரும். மீன் ரின் வரும். லீவில் போகிறவனுக்கு இடம் கிடைக்கும். எங்களுக்கு அது கொண்டாட்டம்." நிறுத்திவிட்டு என் கணவரைக் காட்டினார். "அதே நேரம் இவர் வேலிக்கு அங்காலே படுத்துக் கிடந்திருக்கிறார்."

நான் அதைத் தமிழில் சொன்னேன். என் கணவர் கோப்ரலைப் பார்த்துத் தலையாட்டினார். ஓம், அங்காலேதான் என்பதுபோல.

மேலிடத்துக்கு வயர்லெஸ்ஸில் அறிவித்துவிட்டு மர நிழலில் எங்களை இருத்தினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, என் அனுமதிப்பத்திரம் எல்லாம் கைமாறின. மேலதிகாரி என்ன சொல்லுவாரோ என்று வயர்லெஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். களுத்துறைக்குக் கொண்டுபோய் வைத்தால் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதைவிடச் சின்ன விசயத்துக்கு வெள்ளவத்தையில் பெடியள் மாதக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் கோப்ரல் எங்களுக்காகக் கதைத்தார். ஆள் சுகமில்லாதவர் என்றோ, பைத்தியம் என்றோ சொல்லவில்லை. பயந்துவிட்டார் சேர், மனிசன்தானே, என்றார். கடைசியில் அனுப்பு என்று குரல் வந்தது. ஒரு குற்றமும் செய்யாதவரை விட்டதற்கு நன்றி சொல்லவேண்டிய காலம் அது, அதில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு. ஆனால் அந்த மனிதருக்கு நான் சொன்ன நன்றி மனதார வந்தது. அவர் போகும்போது என் கணவரின் சேர்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் மட்டும் மரத்தடியில் இருந்தோம். இடியப்பத்தைப் பிரித்தேன், ஒருவருக்கும் இறங்கவில்லை.

"நீங்க றெயில்லயே போங்க" என்றேன். "நான் இனிக் கேக்கமாட்டேன். சத்தியமா. மாட்டைப் பத்திச் சொல்லாம விட்டது என்ட மடத்தனம்."

"மாடோ?"

சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, அந்தச் சேற்றுச் சேர்ட்டோடு சிரித்தார். "மாட்டுக்கு அடிச்ச பொம்மருக்கு நான் படுத்திருக்கிறன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். காவல் கொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு எழும்பி, காற்சட்டையைத் தட்டிக்கொண்டு, விமானத்துக்குக் கிட்ட நடந்தார். நான் பின்னால் போனேன். ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். வலப்பக்கக் கதவில் கையை வைத்தார்.

"நீர் இறங்கி ஓடி வந்ததை நான் கண்டனான்" என்றார். "எஞ்சினை நிப்பாட்டி, இறங்கி, ஒற்றைச் செருப்போட. அதுதானே பாக்கவேணும் எண்டு கேட்டனான்."

"ஓம், அதுக்காக—"

"இன்னொண்டும் யோசிச்சுப் பாத்தன். விமானத்துக்குள்ள இருக்கிறவனுக்கு மேலால விமானம் வந்து போடாதுதானே?"

கணக்கு மாஸ்டரின் தர்க்கம். அதில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து, இருக்கைப் பட்டியைப் போட்டு, இறுக்கிவிட்டேன். எஞ்சினை உயிர்ப்பிப்பதற்கு முன் அவரைக் கேட்டேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் எழும்பியபோது அவர் முழங்கால் இரண்டும் மேலே வந்து, உடம்பு சுருண்டது. நான் பிறேக்கை விடாமல் காத்திருந்தேன். மெல்ல மெல்லக் காலைக் கீழே விட்டார். "போம்" என்றார்.

ஏறியதிலிருந்து கண்ணைத் திறக்கவே இல்லை. இடது கை என் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தது. நான் வாயோயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். இது களு கங்கை, இது தாதுகோபம், இப்ப கொஞ்சம் ஆடும், ஒண்ணுமில்லை. மேகம் தாழ்ந்திருந்ததால் கரைக்குச் சற்று வெளியே, கடலுக்கு மேலாக, வழக்கத்தைவிடத் தாழவே வந்தோம். வடக்கே போகும்போது கரை வலப்பக்கம், அவர் பக்கம். திறந்து பாருங்க என்று நான் கேட்கவில்லை. அவர் அந்த இருக்கையில் இருந்ததே எனக்குப் போதும். உண்மையில் போதும்.

வாதுவைக்குக் கிட்ட வந்தபோது திறந்தார். எப்போது திறந்தார் என்று தெரியாது. நான் திரும்பியபோது நெற்றியைக் கண்ணாடியில் முட்டக் கொடுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் வள்ளங்களை இழுத்துவிட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கூட்டமாகக் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தார்கள். விளையாட்டை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்கள்.

என் கணவரின் முதுகு விறைத்தது. என் இருக்கையைப் பிடித்திருந்த கை இறுகியது.

பிள்ளைகள் கடலை நோக்கி, எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். முழங்கால் அளவு தண்ணியில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். ஒருத்தி சட்டையின் நுனியைப் பிடித்துத் துள்ளினாள்.

கரை பின்னால் போகப்போக, அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க ஈரம்.

"ஒளிக்க ஓடேல்லை" என்றார். "பாத்தீரே, பிள்ளையள் ஒளிக்க ஓடேல்லை."

"ஓம்" என்றேன்.

"இன்னொருக்காச் சுத்துமன்."